ஆசையம்மா தைத்த கல்வெட்டு

ஒருவருடைய வாழ்க்கையை எழுத வெளிக்கிட்டால் பொறுமைசாலி, சிரித்த முகம், பகைவரையும் மன்னிக்கும் மனம் என்று தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆசையம்மாவைப் பற்றி நான் அப்படி எழுதினால் அவரே அதைப் பறித்துக் கிழித்துப் போடுவார். அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. யாராவது எங்களுக்கு ஒரு கெடுதல் செய்தால் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்தது போல மனதில் முடிந்து வைத்திருப்பார். தருணம் வரும்போது அவிழ்ப்பார். நான் அவர் கையால் வளர்ந்தவள். எனக்கும் அதே குணம்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அவருடைய பெயர் சிவக்கொழுந்து. இணுவில் கந்தசாமி கோயிலுக்குப் பின்பக்கமாக ஒரு ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. கலியாணம் கட்டவில்லை, கட்ட நினைத்ததும் இல்லை. யன்னலோரம் ஒரு தையல் மெசின். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் எந்நேரமும் இருப்பார். அதனால் ஊர்ப் பெண்கள் தங்கள் கதைகளை எல்லாம் அவரிடம் கொட்டுவார்கள். அவர் பதில் சொல்வதில்லை. கேட்ட எதையும் மறப்பதுமில்லை.

என்னைப் பெற்றவர் கமலாவதி. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அப்பாவை அம்மாவின் கண் முன்னால் கொன்றார்கள். முகாமில் கிடந்து, ஆவணி பிறந்த பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன். கழுத்தில் தாலி இல்லை, மாற்றுச் சேலையும் இல்லை. நேரே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு, அப்பாவின் தமையன் கனகசபாபதி வீட்டுக்குப் போனார். வேறு போக்கிடம் அவருக்கு இருக்கவில்லை.

கனகசபாபதிப் பெரியப்பா கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் வீட்டு வாசல் படலையைத் தாண்டமாட்டார். அம்மா போன நேரம் அந்தப் படலையில் குலையோடு இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது. அடுத்த நாள் அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம். தம்பி செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு வீட்டில் தாலி ஏறாது. ஆகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படலையை உள்ளே இருந்து சாத்திக்கொண்டு, அழுதுகொண்டு நின்ற அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பிக்கு என்ன நடந்ததெண்டு இன்னும் செய்தி வரேல்லை. வந்தால் பிறகு பாப்பம்."

செத்ததைக் கண்ணால் கண்டவளுக்குச் சொன்ன மறுமொழி அது. பெரியப்பாவின் வீட்டுக்குச் 'செய்தி' புரட்டாதியில்தான் வந்தது. அதற்குப் பிறகு வாசலில் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, தம்பிக்காக நெஞ்சிலும் அடித்துக்கொண்டார். வெட்கங்கெட்ட மனுசன்.

ஆனால் அன்று படலையடியில் இன்னொரு ஆள் நின்றது. மணப்பெண்ணின் சேலைச் சட்டைகளைத் தைத்துக் கொண்டுவந்திருந்த சிவக்கொழுந்து. அவர் எல்லாவற்றையும் கேட்டார். பேசாமல் உள்ளே போய்ச் சட்டைகளைக் கொடுத்தார். திரும்பி வந்து, தெருவோர மதகில் இருந்த அம்மாவை எழுப்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு இணுவில் வரைக்கும் கூட நடந்தார். ஏன் அந்த இடத்திலேயே சத்தம் போட்டுக் கலியாணத்தைக் குழப்பவில்லை என்று வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு அம்மாவுக்குத் தண்ணியும் பாயும்தான் தேவைப்பட்டது, மற்றது ஓடிப்போய்விடாது என்றார்.

இரண்டு மூன்று நாள் இருக்கட்டும் என்று கூட்டிவந்த அம்மாவை அவர் பிறகு விடவில்லை. மார்கழியில் நான் பிறந்தேன். பேச்சு வந்தபோது பெற்றவரை அம்மா என்றும் மற்றவரை ஆசையம்மா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். தாயின் தங்கையை அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம் என்பதால் ஊருக்கு அது உறுத்தவில்லை. ஆனால் அவர்கள் சகோதரிகள் இல்லை. ஒரே கட்டிலில் படுத்தார்கள், ஒரே கோப்பையில் சாப்பிட்டார்கள், புருசன் பெண்சாதி போலச் சண்டை பிடித்துச் சமாதானமானார்கள். அம்மாவில் ஆசையம்மாவுக்கு உயிர், அம்மாவுக்கும் அப்படித்தான். ஊர் பின்னால் கதைத்திருக்கும். முகத்துக்கு நேரே கேட்க ஒருத்தருக்கும் துணிவு வரவில்லை, எல்லாப் பெண்களின் சட்டை அளவும் ஆசையம்மாவின் கையில் அல்லவா இருந்தது.

நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து படம் கீறினேன் என்று அம்மா சொல்வார். சுவர், வாழையிலை, வெட்டிப் போட்ட துணித்துண்டு, எதையும் விடவில்லை. ஆசையம்மா தலையணை உறைகளுக்குப் பூ வேலை செய்வதற்காக மெல்லிய கடதாசியில் படம் கீறி, நூல் கோக்காத மெசினில் கோட்டின்மேல் ஓட்டுவார். கடதாசி முழுக்க ஊசித்துளை விழும். அதைத் துணியின் மேல் விரித்து, உடுப்புக்குப் போடும் நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் படம் புள்ளி புள்ளியாகக் கீழே இறங்கும். ஒரு கடதாசியை வைத்து எத்தனை உறைக்கும் படம் இறக்கலாம். எனக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு உலகத்தில் இருக்கவில்லை. ஒருமுறை கலியாண வீட்டுத் தலையணை உறையில் ரோசாப் பூக்களுக்கு நடுவே ஒரு பொம்மர் விமானத்தை இறக்கிவிட்டேன், குண்டும் போட்டபடி. அம்மா தலையில் கைவைத்தார். ஆசையம்மா அதைப் பிரிக்க மறுத்தார். நல்ல படம், நாங்கள் வைத்துக்கொள்ளுவோம் என்று வேறு உறை தைத்துக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் 'என் அம்மா' படம் கீறச் சொன்னார்கள். நான் இரண்டு பேரையும் கீறினேன். ரீச்சர் சிவப்புப் பேனையால் ஆசையம்மாவின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஒரு பிள்ளைக்கு ஓர் அம்மாதான் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். ஆசையம்மா அந்தப் படத்தை வாங்கி வடிவாகப் பார்த்தார். மடித்து மெசின் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த ரீச்சர் தன்னுடைய தங்கையின் கலியாணத்துக்குப் பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். கலியாணத்துக்கு முதல்நாள் வந்து வாங்கி விரித்துப் பார்த்தார். தையல் நேர்த்தியில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் வலது பக்கம் மட்டும்தான் கை இருந்தது. ஆசையம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்டு போதும்தானே ரீச்சர்."

மற்றக் கையைப் பொருத்த, ரீச்சர் என்னுடைய படத்தின்மேல் போட்ட கோட்டை அழிறப்பரால் அழிக்க வேண்டியிருந்தது. சிவப்பு மை முழுதும் போகவில்லை. ஆனாலும் அவர் அழித்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் போலச் சந்தோசம் தந்த பொழுதுகள் என் சின்ன வயதில் அதிகம் இல்லை.

பிறகு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, மருந்து, கடதாசி எதுவும் ஒழுங்காக வராது. செய்திப் பேப்பரைக் கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தார்கள். தொண்ணூற்று நான்கில் அம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து தலைக்கு ஏறியது. ஆசையம்மா அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் பின்னால் ஓடினேன். மருந்து ஏற்றிய கப்பல் இன்னும் வரவில்லை. அம்மா போய்விட்டார்.

பெரியப்பா அதுவரை எங்கள் ஒழுங்கைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. செத்த வீட்டுக்குக் குடையோடு வந்து இறங்கினார். ஆண்பிள்ளை இல்லாத வீடு, புருசனின் தமையன் என்று சொல்லிக் கொள்ளி வைக்கும் உரிமையை எடுத்துக்கொண்டார். அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பது இரண்டொரு நாளில் தெரிந்தது. மகள்மார் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். மனைவி, என் பெரியம்மா, கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில். தூக்க, துடைக்க, சமைக்க ஒரு ஆள் தேவை. சொந்த இரத்தம், பத்து வயது, வாய் திறக்காது என்று நினைத்து என்னைத் தெரிவு செய்தார். தன் வீட்டில் நடக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லி என்னை அங்கேயே நிறுத்திக்கொள்வது அவருடைய திட்டம். ஆசையம்மா கேட்டுச் சண்டை பிடித்தால் நீ யார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்கு எங்களிடம் ஊர் ஏற்கும் பதில் இருக்கவில்லை.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முன்பக்கத்தில் பிள்ளையார் காப்பும் செத்தவரின் படமும், பிறகு வரலாறு, பிறகு கணவன் புலம்பல், மகள் புலம்பல் என்று ஒவ்வோர் உறவும் அழுவது போலப் பாட்டு. பாட்டை அழுகிறவர்கள் எழுதுவதில்லை, ஒரு புலவரைப் பிடித்து எழுதுவிப்பார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல குரல் உள்ள ஒருவர் அதைப் பாடுவார். வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று இருக்கும். பெரியப்பா காசைப் பாராமல் கல்வெட்டு அடிப்பித்தார். கொப்பித் தாள், கரைந்த மை. மை மறுபக்கம் ஊறுகிறது என்று அச்சகத்தில் ஒரு பக்கம் மட்டும் அடித்திருந்தார்கள். ஆனால் தாள்களைச் சேர்த்துக் கட்டக் கம்பி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தாள் கட்டைக் கொண்டுவந்து ஆசையம்மாவின் மெசினின் மேல் வைத்தார். அவருடைய கண்ணுக்கு ஆசையம்மா அம்மாவின் உயிர் இல்லை, என்னை வளர்த்தவர் இல்லை, ஒரு தையற்காரி மட்டும்தான். தையற்காரி வாசிப்பாள் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

"மெசினிலை ஒரு அடி அடிச்சுத் தாரும். நூல் கறுப்பாய் இருக்கட்டும். பிள்ளையின்ரை உடுப்புகளையும் அந்தியேட்டியண்டைக்கே கட்டிக்கொண்டு வாரும்."

"ஓம்" என்றார் ஆசையம்மா.

அவர் போன பிறகு இருவரும் வாசித்தோம். அம்மாவைப் பெரியப்பா கப்பலடிக்குப் போய்க் கூட்டிவந்து ஆதரித்ததாக வரலாறு சொன்னது. நன்றி சொன்ன இடத்தில் பந்தல்காரருக்கும் கதிரை, மேசை வாடகைக்குத் தந்தவருக்கும் நன்றி இருந்தது. சிவக்கொழுந்து என்ற பெயர் எந்த மூலையிலும் இல்லை. கடைசியில் மகள் புலம்பல்:

"பெற்றெடுத்த அன்னையும் பிரிந்தாளே, பெரியப்பா,
உற்றதுணை உமையன்றி யாருண்டு எனக்கிங்கே."

என்னுடைய வாயில் அந்தச் சொற்களை வைத்தவனை நான் இன்றைக்குக் கண்டாலும் கடிப்பேன். தாள்களைக் கிழிக்கப் பாய்ந்தேன். ஆசையம்மா என் கையைப் பிடித்தார். கிழித்தால் வேறு அடிப்பார்கள் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து மறுபக்கம் திருப்பி, என் முன்னால் வைத்தார். வெறும் தாள். முன்பக்க எழுத்தின் நிழல் மட்டும் மெல்லிதாகத் தெரிந்தது.

"கொம்மா உனக்குச் சொன்னதெல்லாத்தையும் கீறு" என்றார்.

கீறினேன். கப்பலிலிருந்து இறங்குகிற அம்மா. சாத்திய படலை, உள்ளே குடையோடு ஒரு மனுசன், வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா, மதகில் அம்மா, சைக்கிளோடு ஆசையம்மா. ஒரு பதுங்குகுழிக்குள் இரண்டு அம்மாக்களும் நடுவில் நானும். கரியரில் சேலையால் கட்டிய அம்மா. படலைப் படத்தை ஆசையம்மா கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வாழைமரத்தை நல்லாப் பெரிசாக் கீறு. குலையும் இருக்கட்டும்."

அப்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். முடிச்சு அவிழப்போகிறது என்று விளங்கியது.

நூல் கோக்காத மெசினில் என்னுடைய படங்களை ஓட்டினோம். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் எல்லாம் நீலத்துக்குள் போனது. அந்த வாரம் பொழுதுபட்டதும் படுத்துவிட்டோம். பகலில் நான் தேய்த்தேன், ஆசையம்மா காயவைத்து அடுக்கினார். கடைசித் தாளின் பின்னால் படத்தோடு எழுத்தும் இறக்கினோம்: 'எனக்கு ரெண்டு அம்மா. ஒராள் செத்துப்போனா. நான் மற்ற அம்மாவோடைதான் இருப்பன்.' பிறகு அவர் கறுப்பு நூல் கோத்து ஒவ்வொன்றாகத் தைத்தார். ஒரு தையல் கோணவில்லை.

அந்தியேட்டியன்று காலையில் ஆசையம்மா அம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் பாயாசமும் வைத்து எங்கள் வீட்டிலேயே படைத்தார். அங்கே இன்றைக்கு ஒருத்தரும் சாப்பிடமாட்டினம், கொம்மா பட்டினி கிடக்கக்கூடாது என்றார். என்னுடைய உடுப்புகளை அவர் கட்டவில்லை.

தன் வீட்டு வாசலில் பெரியப்பா கல்வெட்டுக் கட்டை வாங்கி மேலே இருந்த ஒன்றின் முகப்பைப் பார்த்தார். என்ன மண்ணெண்ணெய் மணக்கிறது என்று கேட்டார். மெசின் துடைத்தது என்றார் ஆசையம்மா. வடிவாகத் தைத்திருக்கிறீர் என்று பாராட்டிவிட்டு, தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார்.

பாடியவர் தம்பிஐயா, கோயில் மனேச்சர், அந்தப் பகுதியில் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் தாளைப் பாடி முடித்துத் திருப்பினார். கப்பல் படம். புதுமாதிரி என்று நினைத்திருப்பார், அடுத்ததைப் பாடினார். திருப்பினார். படலை. சபையில் தாள் திருப்புகிற சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒரு பெண், குடையைப் பாருங்கோ என்று பக்கத்து ஆளுக்குச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

தம்பிஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். என்னைக் கூப்பிட்டு இது எந்தக் கலியாணம் என்று கேட்டார். மூத்த அக்காவின் கலியாணம், வெளியே நிற்கிறது அம்மா, அம்மாவின் வயிற்றுக்குள் நான் என்றேன். பெரியப்பா சிரித்தபடி குறுக்கே வந்தார். சின்னப் பிள்ளையின் கற்பனை, அம்மா போன கவலையில் என்னவோ கீறியிருக்கிறாள் என்றார். அப்போதுதான் ஆசையம்மா எழும்பினார்.

"பொம்பிளைக்குச் சட்டை கொண்டுவந்தது நான், ஐயா. அண்டைக்குக் கமலாவதி தாலியில்லாமல் உந்தப் படலையிலை நிண்டவ. தம்பி செத்ததைத் தமையனுக்குச் சொல்லித்தான் அழுதவ. உவர் செய்தி வரேல்லையெண்டு சொல்லிப் படலையைச் சாத்தினவர்."

எனக்கு அந்தச் சபையில் இன்றைக்கும் மரியாதை இல்லை. கர்ப்பிணிப் பெண்ணைத் தெருவில் விட்டது அங்கே ஒருவரையும் சுடவில்லை. துடக்கு வீட்டில் கலியாணச் சோறு சாப்பிட்டுவிட்டோம் என்பதுதான் சுட்டது. தம்பிஐயாவின் முகம் கறுத்துப்போயிற்று. அந்தக் கலியாணத்தில் முதல் பந்தியில் இருந்தவர் அவர்.

"சாப்பிட்டிட்டு அடுத்த நாள் நான் கோயிலிலை திருவிழாவுக்குக் காப்புக் கட்டினனான், கனகசபாபதி" என்றார்.

இலை போட்டாயிற்று. அவர் இலையில் கைவைக்கவில்லை. எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் எழும்பினார்கள். படலையைத் தாண்டும்போது நின்று, பிள்ளை தையற்காரியோடையே இருக்கட்டும், துடக்கு மறைச்ச வீட்டில் வளரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தீர்ப்பு எனக்குப் பிடித்தது, காரணம் பிடிக்கவில்லை. நானும் ஆசையம்மாவும் கைகோத்துக்கொண்டு அந்தப் படலையால் வெளியே வந்தோம்.

பெரியப்பா பிறகு வீடு வீடாக ஆள் அனுப்பிக் கல்வெட்டுகளைத் திருப்பிக் கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. கல்வெட்டைக் கிழிக்கவோ எரிக்கவோ எங்கள் ஆட்கள் துணியமாட்டார்கள். முன்பக்கத்தில் பிள்ளையார் காப்பு, செத்தவரின் முகம். பஞ்சாங்கத்தோடு சேர்த்துச் செருகி வைப்பார்கள். அப்படித்தான் என்னுடைய படப்புத்தகம் ஊரில் பல வீடுகளுக்குள் இருந்தது. பிள்ளைகள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார்களாம். குடைக்காரன் என்று பெரியப்பாவுக்குத் தெருவில் பேர் விழுந்துவிட்டது. அவர் குடை பிடிப்பதை விட்டார்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஆமி நெருங்கி வந்தபோது எல்லோரும் ஊரை விட்டு நடந்தோம். மழை. ஆசையம்மா மெசினின் தலையைக் கழற்றிக் கரியரில் கட்டியிருந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூலையில் இடம் கிடைத்தது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் வருகிறவர்களை உள்ளே எடுப்பது ஆசையம்மாவின் வேலையாகிவிட்டது. அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு படுக்கச் சொல்லி இடம் பண்ணினார்.

அடுத்த நாள் மாலையில் பள்ளிக்கூடக் கேற்றடியில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. அதற்குள் பெரியம்மா, நனைந்த பாயில். வண்டியைத் தள்ளிவந்தவரின் கையில் குடை இல்லை. ஆனாலும் பக்கத்துப் பாயில் இருந்த ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை எழும்பி நின்று, அம்மா, படலை பூட்டின ஆள் என்று கத்தியது. அந்தப் பிள்ளை வீட்டாரின் பொட்டலத்துக்குள் பஞ்சாங்கம் இருந்தது, அதற்குள் எங்கள் கல்வெட்டும்.

பெரியப்பா ஆசையம்மாவைக் கண்டார். கையைக் கூப்பினார். உள்ளே இடம் இருக்குமோ என்று கேட்டார்.

ஆசையம்மா இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பெரியம்மாவைத் தூக்கிவரச் செய்து, எங்களுடைய பாயில் கிடத்தி, தன் மாற்றுச் சேலையால் துடைத்துவிட்டார். பிறகு திரும்பிப் போய்க் கேற்றைச் சாத்திக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு இடம் இருக்கெண்டு இன்னும் செய்தி வரேல்லை. வந்தால் பிறகு பாப்பம்."

அவர் மழையில் நின்றார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. நான் பையைக் கொட்டிப் பென்சில் தேடினேன்.